விரியாத வளையம்

நான்கு என்றவனும் பொய் சொல்லவில்லை. ஐந்து என்றவனும் பொய் சொல்லவில்லை. இருவரும் தத்தம் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். கண்ட நாள் ஒன்று. கண்ட நேரம் ஒன்று. கண்ட விழாவும் ஒன்றே. எனினும் ஒருவன் கண்டது நான்கு வளையம். மற்றவன் கண்டது ஐந்து வளையம். கண்டவர் எவரும் பொய்யர் அல்லர் என்றால், பொய் எங்கே ஒளிந்திருந்தது? கண்ணுக்கும் காட்சிக்கும் இடையிலே ஒளிந்திருந்தது! அந்த இடைவெளியின் பெயர் தொலைக்காட்சி. அதனைப் பிடித்திருந்த கையின் பெயர் அரசு.

விடுகதை போடுவதாக எண்ண வேண்டாம். 2014ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், ரஷிய நாட்டின் சோச்சி நகரிலே நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவைப் பற்றித்தான் இன்று உங்களோடு உரையாட விழைகிறேன். "பனிமலையைப் படத்திலே மட்டும் பார்க்கும் நமக்குப் பனிச்சறுக்குப் பந்தயத்தின் கதை எதற்கு? ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள். பனி அவர்களுடையது, பாடம் நம்முடையது.

சோச்சி, கருங்கடல் ஓரத்துக் கோடை வாழிடம். தெருவோரத்தில் ஈச்ச மரங்களை ஒத்த மரங்கள் நிழல் தரும் ஊர். அந்த ஊரிலே குளிர்காலப் பந்தயம்! பனி போதாமற் போனால் என்ன செய்வது? முந்திய குளிர்காலத்திலே பெய்த பனியை மலையிலே குவித்தார்கள். வெயில் தீண்டாதிருக்கப் போர்வை போர்த்திக் காத்தார்கள். நெல்லைக் குதிரிலே சேமிக்கும் உழவனை நாம் அறிவோம். பனியைச் சேமித்த பேரரசை உலகம் அன்று அறிந்தது. சாலை, இருப்புப்பாதை, விடுதி, விளையாட்டரங்கம் அனைத்துக்குமாக 5,000 கோடி டாலருக்கும் மேல் செலவு என்று அந்நாளில் உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு முன் நடந்த எந்த ஒலிம்பிக் பந்தயத்துக்கும் அவ்வளவு பணம் கொட்டப்பட்டதாகப் பேச்சில்லை.

விழா தொடங்கிய நேரம் என்ன தெரியுமா? இரவு 8 மணி 14 நிமிடம். 24 மணிக் கணக்கிலே எழுதிப் பாருங்கள்: 20.14. ஆண்டோ 2014! கடிகார முள்ளையும் நாட்காட்டித் தாளையும் கைகோக்க வைத்தார்கள். அத்தனை நுணுக்கமாகத் திட்டமிட்டவர்களுக்குத் தவறு என்பது நேரலாமா? நேரத்தான் நேர்ந்தது.

ஃபிஷ்ட் அரங்கம். ஏறத்தாழ 40,000 பேர் அமரும் இடம். விளக்குகள் அணைகின்றன. ஒரு சிறுமி தோன்றுகிறாள். லியுபோவ் என்பது அவளுக்கு நாடகத்திலே இட்ட பெயர். ரஷிய மொழியிலே அதன் பொருள் அன்பு. மெல்ல மெல்லத் தரையை விட்டெழுந்து, கனவிலே மிதப்பவளைப் போல வானிலே மிதக்கிறாள். அவளைச் சுற்றிலும் ரஷியப் பெருநிலத்தின் காட்சிகள் தீவு தீவாய் மிதந்து செல்கின்றன. அதன்பின், மேலே ஐந்து பெரும் பனிப்பூக்கள், வெள்ளொளி வீசித் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் விரிந்து வளையமாக வேண்டும். ஐந்தும் சேர்ந்து, கூபர்டின் 1913ஆம் ஆண்டு வரைந்து தந்த ஒலிம்பிக் சின்னமாக, ஐந்து கண்டங்களும் கைகோத்து நிற்பதைக் காட்டும் அந்தச் சின்னமாக, மின்ன வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு பூ விரிந்தது. வளையமாயிற்று. இன்னொன்று விரிந்தது. மூன்றாவதும் விரிந்தது. நான்காவதும் விரிந்தது. ஐந்தாவது, மேல் வரிசையில் வலக்கோடியில் இருந்தது, விரியவில்லை! பிடிவாதக் குழந்தையைப் போல, பனிப்பூவாகவே தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வளையம், ஒரு மொட்டு. அரங்கத்திலிருந்தோர் கண்டனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோர் கண்டனர்.

ஆனால் ரஷிய நாட்டு மக்கள் காணவில்லை! மாஸ்கோவிலே, பீட்டர்ஸ்பர்க்கிலே, சைபீரியச் சிற்றூர்களிலே, தங்கள் நாட்டுத் திருவிழாவைத் தங்கள் வீட்டுக் கூடத்திலே கண்டுகொண்டிருந்த அந்த மக்களின் திரையிலே ஐந்து வளையமும் அழகாக விரிந்தன. எப்படி? முன்பே நடந்த ஒத்திகையைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது பூ விரியாது என்று கண்ட அந்த நொடியிலே, நேரடிக் காட்சியை வெட்டிவிட்டு, ஒத்திகைப் படத்தை ஓட்டினார்கள்!

விழாவைப் படைத்தவர் கான்ஸ்டன்டின் எர்ன்ஸ்ட். ரஷிய நாட்டின் 'முதல் சேனல்' எனும் தொலைக்காட்சியின் தலைவர். படம் மாற்றப்பட்டதை அவர் மறுக்கவில்லை. ஒலிம்பிக் சின்னத்தின் மாண்பு சிதையாமற் காக்க வேண்டியிருந்தது என்பதாக விளக்கமும் தந்தார். ஆளைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. அன்றிரவு அவர் மேடையேற்றிய காட்சிகள் மலைப்பூட்டுபவை. கதிரவனை இழுத்துச் செல்லும் மூன்று குதிரைகள், மிதந்தாடும் வண்ணக் கோபுரங்கள், மாமன்னர் பீட்டரின் கப்பற்படை, தால்ஸ்தாயின் நாவலிலிருந்து இறங்கி வந்த நடன மண்டபம், செந்நிற இயந்திரங்களின் பேரணி! நாடகத் தொழிலிலே ஈடுபட்ட எவரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய உழைப்பு அது. அத்தனையும் செய்தவருக்கு, ஒரு பூ விரியவில்லை என்பதைத் தன் மக்களிடம் காட்டும் துணிவு மட்டும் வரவில்லை. ஏன்?

நாடக ஆசிரியன் என்ற முறையிலே ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்கிறேன்; பாருங்கள். இடம்: மாஸ்கோவிலே ஒரு வீடு. சோச்சி அரங்கத்திலே விழாவை நேரில் கண்ட மகன், மறுநாள் தாயோடு தொலைபேசியில் பேசுகிறான்.

மகன்: அம்மா, எல்லாம் அருமை. அந்த ஐந்தாவது வளையம் மட்டும் விரிந்திருந்தால்...

தாய்: என்ன உளறுகிறாய்? ஐந்தும் விரிந்ததே! நானே பார்த்தேனே!

மகன்: இல்லையம்மா. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்குதான்.

தாய்: கூட்டத்திலே உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. நான் பக்கத்திலே வைத்துப் பார்த்தேன். ஐந்து!

கவனியுங்கள் தோழர்களே. நேரில் இருந்தவன் குழம்புகிறான். வீட்டில் இருந்தவள் உறுதியாக இருக்கிறாள். உண்மையைக் கண்டவனுக்கு ஐயம். ஒத்திகையைக் கண்டவளுக்கு நிச்சயம்! பெற்ற மகனின் சொல்லைவிடப் பெட்டியின் ஒளி பெரிதாகிறது. ஒரு வளையத்தை மறைத்ததாலே விளைந்த தீங்கு வளையத்தைப் பற்றியதன்று. தாய்க்கும் மகனுக்கும் இடையிலே பொதுவாக இருந்த உலகம் இரண்டாக வெட்டப்பட்டது. அதுதான் தீங்கு.

"இதென்ன பெரிய குற்றம்? கல்யாண வீட்டிலே சுவரிலே விரிசல் இருந்தால், மேலே ஒரு கோலப் படுதாவைத் தொங்கவிடுகிறோம். விருந்தினர் முன் குறையை மறைப்பது பண்பல்லவா?" என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் சோச்சியிலே நடந்தது என்ன? விருந்தாளி விரிசலைக் கண்டான், உலகமெல்லாம் கண்டது. வீட்டுக்காரனுக்குத்தான் மறைத்தார்கள்! வரி கொடுத்தவனுக்கு, வியர்வை சிந்தியவனுக்கு, அந்த மண்ணிலே பிறந்தவனுக்கு மட்டும் படுதா! இதற்குப் பண்பு என்றா பெயர்? குடிமகனைக் குழந்தையாக நடத்துவது என்று பெயர். குறையைக் காண அவன் தகுதியற்றவன், கண்டால் அவன் நம்பிக்கை தளர்ந்துவிடும், அவன் நம்பிக்கை தளர்ந்தால் அரியணை ஆடிவிடும் என்ற அச்சம் என்று பெயர்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். சோச்சிக்கான ஒலிம்பிக் சுடர், 2013ஆம் ஆண்டு செப்டம்பரிலே கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவிலே, கதிரவனின் ஒளியைக் குழியாடியிலே குவித்து ஏற்றப்பட்டது. அக்டோபரிலே மாஸ்கோ வந்தது. கிரெம்ளின் கோட்டையிலே ஓட்டக்காரர் கையிலிருந்த பந்தம் காற்றிலே அணைந்துவிட்டது! அருகே நின்ற காவலர் ஒருவர் என்ன செய்தார்? சட்டைப் பையிலிருந்து சிகரெட் பற்றவைக்கும் லைட்டரை எடுத்தார், பந்தத்தைப் பற்றவைத்தார், ஓட்டம் தொடர்ந்தது. பார்த்த உலகம் சிரித்தது, பிறகு மறந்தது. அந்தச் சுடர் வடதுருவம் சென்றது. பைக்கால் ஏரியின் அடியிலே சென்றது. அந்த ஓட்டத்தின் பந்தம் ஒன்று, தீ மூட்டப்படாமலே, விண்வெளிக்கும் சென்று வந்தது. லைட்டர் பட்டதால் அதன் புகழ் குன்றிவிட்டதா? இல்லை! மனிதக் கையின் தடுமாற்றம் தெரிந்தபோது விழா மனித விழாவாயிற்று; அவ்வளவே.

விழுந்தவர்களின் கதைக்கு வருவோம். இத்தாலி நாட்டின் கோர்ட்டினா தாம்பெட்சோ. 1956ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள். குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் முதன்முதலாகத் தொலைக்காட்சியிலே நேரடியாக ஒளிபரப்பான ஆண்டு அது. சறுக்கோட்ட வீரர் குவிதோ கரோலி, கையிலே சுடரேந்தி, பனித்தளத்தின் மீது சறுக்கி வருகிறார். அரங்கமே அவரைப் பார்க்கிறது. தளத்தின் குறுக்கே ஒரு கம்பிவடம் கிடக்கிறது. கால் தடுக்குகிறது. விழுகிறார்! தடுக்கியது எந்தக் கம்பிவடம் தெரியுமா? தொலைக்காட்சிக்காரர்கள் போட்ட வடம்! அவரை உலகுக்குக் காட்ட வந்த கருவியே அவரை வீழ்த்தியது. எழுந்தார். சுடரைக் கைவிடாமல் சென்றார். தீபத்தை ஏற்றினார். கோர்ட்டினா என்றதும் விளையாட்டு வரலாறு படித்தோர் அந்த வீழ்ச்சியையும் எழுச்சியையும் சேர்த்தே நினைக்கிறார்கள். தடுக்கிய காட்சியை நீக்கிவிட்டுத் தடுக்காத ஒத்திகையை ஒட்டியிருந்தால், குவிதோ கரோலியை இன்று நாம் பேசிக்கொண்டிருப்போமா?

கனடா நாட்டின் வான்கூவர். 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 12. தரைக்கு அடியிலிருந்து நான்கு தூண்கள் எழ வேண்டும். நான்கு புகழ்மிக்க வீரர்கள் நான்கையும் ஏற்ற வேண்டும். மூன்று எழுந்தன. நான்காவது எழவில்லை! கத்ரியோனா லெ மே டோன் என்ற சறுக்கோட்ட வீராங்கனை, ஏற்றுவதற்குத் தூணில்லாமல், எரியும் பந்தத்தை ஏந்தி அப்படியே நின்றார். மூவர் ஏற்றினர், ஒருவர் நின்றார். உலகம் கண்டது, கனடாவும் கண்டது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறைவு விழா. என்ன செய்தார்கள்? முதற்காட்சியாகக் கோமாளி ஒருவனைத் தரைக்கடியிலிருந்து எழுப்பினார்கள். அவன் எதையோ பழுது பார்ப்பது போல ஆடினான். கயிற்றை இழுப்பது போல இழுத்தான். எழ மறுத்த நான்காவது தூண் எழுந்தது! அதே வீராங்கனை வந்தார். அன்று ஏற்றாததை அன்று ஏற்றினார். மக்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாழ்த்தினார்கள். குறையை ஒப்புக்கொண்டவன் கையிலே குறையே கலையாக மாறியது.

அந்த வான்கூவர் தொடக்க விழாவிலே இன்னொன்றும் நடந்தது. அன்று காலை, ஜார்ஜிய நாட்டைச் சேர்ந்த 21 வயது இளைஞர் நோதர் குமாரிதாஷ்விலி, லூஜ் எனும் சறுக்குவண்டிப் பயிற்சியிலே, அதிவேகத்தில் தடத்தை விட்டு வீசப்பட்டு இரும்புத் தூணில் மோதி உயிர் நீத்தார். மாலையிலே ஜார்ஜிய அணி கறுப்புப் பட்டை அணிந்து நடந்து வந்தது. அரங்கம் எழுந்து நின்றது. விழா அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. பந்தயத் தடத்தின் குறைகளைப் பற்றி அதன்பின் கடுமையான கேள்விகள் எழுந்தன, எழ வேண்டியவையே. ஆனால் அந்த ஓரிரவில், கொண்டாட்டத்தின் நடுவே துயரத்துக்கும் இடம் தரப்பட்டது. சாவை மறைத்துவிட்டுச் சங்கு ஊதவில்லை.

இனிச் சோச்சிக்குத் திரும்புவோம். அந்த அணிவகுப்பிலே நம் நாட்டவர் மூவரும் நடந்தனர். சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால். அவர்களோடு மூவண்ணக் கொடி வந்ததா? இல்லை! 'தனித்துப் பங்குபெறும் ஒலிம்பிக் வீரர்கள்' என்ற பெயரிலே, ஒலிம்பிக் கொடியின் கீழ், நாடற்றவர்களைப் போல நடந்தார்கள். 100 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாட்டின் பிள்ளைகளுக்கு ஏன் இந்த நிலை? இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தலிலே அரசுத் தலையீடு இருந்ததாகக் கூறி, 2012 டிசம்பரிலே அனைத்துலக ஒலிம்பிக் குழு அந்தச் சங்கத்தை விலக்கி வைத்திருந்தது. ஊழல் வழக்கிலே குற்றப்பத்திரிகை பெற்றவர்கள் பொறுப்புக்கு வரலாகாது என்றும் கண்டிப்பாகச் சொன்னது. ஓராண்டுக்கு மேல் காலம் இருந்தது. புதிய தேர்தல் எப்போது நடந்தது? 2014 பிப்ரவரி 9. தடை எப்போது நீங்கியது? பிப்ரவரி 11. தொடக்க விழா எப்போது? பிப்ரவரி 7!

சிவ கேசவன் யார்? இமாசலப் பிரதேசத்து இளைஞர். 1998இல் சப்பானின் நாகானோவிலே, 16 வயதிலே, இந்தியாவின் பெயரால் தனியொருவராய் நின்றவர். பனித்தடம் இல்லாத நாட்டிலே, சறுக்குவண்டிக்குச் சக்கரம் பூட்டி, இமயமலைச் சாலையிலே, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையிலே உருண்டு பழகியவர். ஆறு ஒலிம்பிக் பந்தயங்கள் கண்டவர். சோச்சியிலே அவர் போட்டியிட்டது பிப்ரவரி 8, 9 ஆகிய நாட்களில். இரண்டே நாள் தாமதம்! அந்த இரண்டு நாளிலே அவர் சறுக்கி முடித்துவிட்டார், கொடியில்லாமல். நாற்காலிக்காரர்களின் சண்டைக்கு நடைமேடையிலே தலைகுனிந்தவர்கள் நாற்காலியில் அமராத மூவர். 23ஆம் நாள் நிறைவு விழாவிலே மூவண்ணக் கொடி பறந்தது. ஆனால் தொடக்க விழாவின் அந்தக் காட்சியை எந்த ஒத்திகைப் படம் கொண்டு மாற்றுவது? நம் தொலைக்காட்சிகள் அதை உள்ளபடியே காட்டின. காட்டியதால்தான் நாம் வெட்கப்பட்டோம். வெட்கம் ஒரு நாட்டுக்கு வேண்டிய மருந்து, தோழர்களே! அதனை மறைத்திருந்தால் வெட்கமும் வந்திராது, மாற்றமும் வந்திராது.

"மறைப்பது அந்நாட்டு அரசு மட்டுந்தானா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியாங்சாங் தொடக்க விழாவிலே, 1,218 ஆளில்லாப் பறக்கும் கருவிகள் வானிலே ஒளிச்சித்திரம் வரைந்ததைத் தொலைக்காட்சி காட்டியது. அன்றிரவு அவை அங்கே பறக்கவில்லை. முன்பே பதிவு செய்த படம் அது. ஆனால் அது பதிவுப் படம் என்பது சொல்லப்பட்டது. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிலே, கல்வான் மோதலில் ஈடுபட்ட படை அதிகாரி ஒருவரைச் சீன அரசு சுடரேந்த வைத்தது. அதனைக் கண்டித்து, தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் ஒளிபரப்புவதில்லை என்று நமது தூர்தர்ஷன் அறிவித்தது. அதனால் காஷ்மீரத்துக் குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், ஒரே இந்திய வீரராக மூவண்ணக் கொடி ஏந்தி நடந்ததும் தூர்தர்ஷனில் வரவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: திரையை மூடுகிறோம், இன்ன காரணத்துக்காக மூடுகிறோம் என்று சொல்லி மூடினார்கள். மூடிய கதவு ஒரு செய்தி. சுவரிலே வரைந்த கதவோ ஒரு வஞ்சனை. இரண்டும் ஒன்றல்ல.

வரைந்த கதவின் கதை வளையத்தோடு முடிந்ததா? கேளுங்கள். அதே சோச்சியிலே, அதே பிப்ரவரியிலே, வீரர்கள் ஊக்கமருந்து உண்டார்களா என்று ஆராயும் கூடத்தின் சுவரிலே ஒரு துளை இருந்தது. இரவிலே அந்தத் துளை வழியாக வீரர்களின் சிறுநீர்ப் புட்டிகள் அடுத்த அறைக்குச் சென்றன. கறைபட்ட நீர் நீக்கப்பட்டு, பல திங்களுக்கு முன்பே சேமித்த தூய நீர் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. 2016இல் அந்தக் கூடத்தின் முன்னாள் தலைவர் கிரிகோரி ரோட்சென்கோவ் தாமே இதனை வெளியிட்டார். மெக்லாரன் விசாரணை அறிக்கை உறுதி செய்தது. நன்கு நோக்குங்கள்: விரியாத வளையத்துக்குப் பதில் விரிந்த வளையம், கெட்ட புட்டிக்குப் பதில் நல்ல புட்டி. இரண்டும் ஒரே தொழில்நுட்பம்! நேற்றைய நல்லதை எடுத்து இன்றைய கெட்டதின் இடத்திலே வைப்பது!

பிப்ரவரி 23இல் பந்தயங்கள் முடிந்தன. அத்திங்கள் முடிவதற்குள், அடையாளச் சின்னமற்ற சீருடையிலே ஆயுதம் தாங்கிய படைகள் உக்ரேன் நாட்டின் கிரீமியாவிலே இறங்கின. அவர்கள் எம் படையினர் அல்லர் என்றார் அதிபர் புதின், மார்ச் 4ஆம் நாள். மார்ச் 18இல் கிரீமியாவை ரஷியாவோடு இணைத்தார். ஏப்ரல் 17இல், ஆம், எம் படையினர் அங்கே இருந்தனர் என்று ஒப்புக்கொண்டார். வளையத்தால் போர் வந்தது என்று கூறுமளவுக்கு நான் பேதையல்லன். ஆனால் கண்முன் நடப்பதை நடக்கவில்லை என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, வளையமும் ஒன்றுதான், படையணியும் ஒன்றுதான். சிறிய பொய்யிலே கூச்சம் விட்டுப்போனவன் பெரிய பொய்யிலே குரல் நடுங்குவதில்லை.

முடிவு என்ன? 2017 டிசம்பரிலே ரஷிய ஒலிம்பிக் குழு விலக்கி வைக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 9ஆம் நாள், பியாங்சாங் அரங்கத்திலே, ரஷிய வீரர்கள் தங்கள் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் பின்னே நடந்தனர்! ஐந்து வளையமும் விரியவில்லையே என்று அஞ்சிப் படத்தை மாற்றிய நாட்டின் பிள்ளைகள், நான்கே ஆண்டுகளில், தங்கள் கொடிக்குப் பதிலாக அந்த ஐந்து வளையத்தையே பின்தொடர வேண்டி வந்தது. தவறே செய்யாத இளைஞர்களும் அந்த வரிசையிலே நடந்திருப்பார்கள். நமது மூவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருப்போர் செய்த பொய்க்கு வரி செலுத்துவோர் எப்போதும் கீழிருப்போரே!

தோழர்களே! இனி நம் வீட்டுக்கு வருவோம். அயலார் கதையைச் சொல்லி அகமகிழ்வதற்காக இத்தனையும் எழுதவில்லை.

நம்மிடம் ஒத்திகைப் படம் இல்லையா? பொதுக்கூட்டத்திலே முன்வரிசை நிரம்பியிருக்கிறது. பின்வரிசை காலியாக இருக்கிறது. படம் எடுப்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான்? அமைச்சர் வருகிறார் என்றால் மருத்துவமனைக் கட்டிலுக்குப் புதிய விரிப்பு வருகிறது. அவர் கார் திரும்பியதும் விரிப்பும் திரும்பிவிடுகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது நடந்திருக்கிறது, நாம் கண்டிருக்கிறோம். வட்டத்திலே உறுப்பினர் எத்தனை என்று மேலிடம் கேட்கிறது. சென்ற ஆண்டுப் பட்டியலிலே பத்துப் பெயர் சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது! "தெருவிலே தண்ணீர் வருகிறதா?" "வருகிறது." "மக்கள் மனநிலை?" "மகிழ்ச்சி." "வெற்றி?" "உறுதி." இப்படி எழுதிய அறிக்கைகளை நம்பி இறங்கிய எத்தனை வேட்பாளர்கள், எண்ணிக்கை நாளின் நண்பகலிலே, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார்கள்! அவர்கள் தோற்றது அன்றல்ல. தலைமைக்கு இனிக்கும்படி அறிக்கை எழுதப்பட்ட அன்றே தோற்றுவிட்டார்கள். வாக்காளன் பின்னால் வந்து கையெழுத்திட்டான், அவ்வளவுதான்.

இந்த ஏட்டின் பக்கமும் ஒரு திரைதான். அதையும் மறந்துவிட வேண்டாம். கூட்டம் குறைந்த இடத்திலே மக்கள் வெள்ளம் என்று அச்சிட்டால், அந்த ஊர்க்காரன் படித்துவிட்டு என்ன நினைப்பான்? தன் ஊரைப் பற்றிப் பொய் எழுதிய ஏடு, தான் காணாத ஊரைப் பற்றியும் பொய்தான் எழுதும் என்று நினைப்பான். ஒரு வரியிலே ஓராண்டு நம்பிக்கை போய்விடும். இன்றோ ஒவ்வொருவன் கையிலும் கைப்பேசி. ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒரு படப்பெட்டி. சோச்சியிலே உலகம் பார்த்துக்கொண்டிருந்ததால் உண்மை வெளிப்பட்டது. இன்று ஒவ்வொரு தெருவும் உலகந்தான்!

ஊர்க் கொட்டகையிலே நாடகம் நடக்கிறது. அரசவைக் காட்சி. திடீரென்று விளக்கு அணைந்துவிடுகிறது. நல்ல நடிகன் என்ன செய்வான்? ஓடி ஒளியமாட்டான். "அமைச்சரே, எதிரியின் சூழ்ச்சி நம் விளக்கையும் அணைத்துவிட்டதோ?" என்பான். கொட்டகை சிரிக்கும். விளக்கு வரும்வரை மக்கள் காத்திருப்பார்கள், வந்ததும் கைதட்டுவார்கள். மக்கள் குறையை மன்னிப்பவர்கள். அவர்கள் மன்னிக்காதது ஒன்றே ஒன்று: தங்களைக் குருடர் என்று எண்ணுவதை!

சோச்சியின் நிறைவு விழாவிலே என்ன நடந்தது என்று சொல்ல மறக்கலாகாது. பிப்ரவரி 23ஆம் நாள், வெள்ளியுடை அணிந்த நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள் அரங்கத் தரையிலே நான்கு வளையமாக நின்றார்கள். ஐந்தாவது இடத்திலே ஒரு கும்பல் குவிந்தே நின்றது. மக்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள். சிறிது நேரம் கழித்து அந்தக் கும்பலும் மெல்ல விரிந்து வளையமாயிற்று. அரங்கம் ஆர்ப்பரித்தது! அதே எர்ன்ஸ்டின் கைவண்ணந்தான். 16 நாள் கழித்துச் செய்த இதனை, முதல் நாளே செய்திருக்கலாம். ஐந்தாவது பூ விரியவில்லை என்று தன் நாட்டவருக்கும் காட்டிவிட்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கலாம். அந்தச் சிரிப்பிலே அரியணை ஒன்றும் கவிழ்ந்திருக்காது.

ஆதலின், தோழர்களே, அடுத்த வட்டக் கூட்டத்துக்கு வரும்போது வாழ்த்துத் தீர்மானத்தை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். உங்கள் ஊரிலே விரியாத வளையம் எது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தத் தெருவிலே குழாய் வறண்டிருக்கிறது, எந்தப் பள்ளியிலே ஆசிரியர் இல்லை, எந்தக் குடிசையிலே நம் பெயரைச் சொன்னதும் கதவை மூடுகிறார்கள் என்று எழுதுங்கள். எழுதியவனைக் கடிந்துகொள்ளும் பொறுப்பாளர் இருந்தால், கடிதத்தை மேலும் ஒரு படி உயரே அனுப்புங்கள். விரியவில்லை என்று சொல்பவன் விழாவைக் கெடுப்பவன் அல்லன். விரிக்க வேண்டிய வேலையை முதலில் தொடங்கி வைப்பவன் அவனே!